என் ஷிப்டுக்குப் போனவளின் ஊருக்கு

“ஓசூர்ல இருந்து சைக்கிள்லயா? ராயக்கோட்ட மேடு ஏர்றதுக்குள்ள இறங்கித் தள்ளிக்கிட்டு நிப்ப, பாரு” என்றார் மாமா. மூன்று வருடங்களுக்கு முன்பு, சம்பளத்தைச் சேர்த்து நான் கியர் சைக்கிள் வாங்கிய வாரத்தில் சொன்னது. அம்மாவின் தம்பியான அவர் மாங்காய் லோடு ஓட்டுபவர். அந்த மேட்டில் லாரி எப்படி முனகும் என்று அறிந்தவர். அதன் பிறகு பதினொரு முறை அந்த மேட்டை ஏறியிருக்கிறேன். ஒருமுறைகூட என் கால் தரையில் பட்டதில்லை.

பன்னிரண்டாவது முறை, போன ஞாயிற்றுக்கிழமை.

காலை 5.35. ஓசூரில் நான் தங்கியிருக்கும் பெண்கள் விடுதியிலிருந்து கிளம்பினேன். காவேரிப்பட்டினம் எழுபத்தாறு கிலோமீட்டர். இரண்டு பாட்டில் தண்ணீர், ஒரு மாற்று டியூப், கடலை மிட்டாய். பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஞாயிறானாலும் ஷிப்ட் வேன்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஒவ்வொரு வேன் வரும்போதும் சாலையோரம் இறங்கி நின்று, அதன் பின்விளக்கு மறைந்த பிறகே ஏறினேன். முதல் ஐந்து கிலோமீட்டருக்கு அரை மணி நேரம் ஆனது.

நான் போனது சபீனாவின் வீட்டுக்கு. வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒரே லைனில் வேலை பார்த்தோம். பாகங்களை அளந்து பார்க்கும் மேசையில் அவள் எனக்கு எதிரே உட்காருவாள். ஒரு சனிக்கிழமை, மறுநாள் காலை ஷிப்டை எனக்காகப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். அவளுக்கு அது வார விடுமுறை. முறைப்படி இரண்டு நாள் முன்பே எழுதிக் கேட்க வேண்டும். எங்கள் லைனில் யாரும் எழுதுவதில்லை. ஆளுக்கு ஆள் நின்றால் போதும், லைன் லீடர் பிறகு சரிசெய்துகொள்வார்.

“போடி. கடல் எவ்ளோ நீளம்னு அளந்துட்டு வா. நீதான் குவாலிட்டி ஆச்சே” என்றாள் சபீனா.

அந்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு மகாபலிபுரத்திலிருந்து புதுச்சேரியை நோக்கி ஆறு பெண்கள் சைக்கிளில் கிளம்பினோம். தொண்ணூற்றைந்து கிலோமீட்டர். சவுக்குத் தோப்பு, உப்பளம், நினைக்காத இடத்தில் இடது பக்கம் கடல். மேடே இல்லாத சாலை, காற்றுதான் அங்கே மேடு. எங்கள் பைகளும் போன்களும் பின்னால் வந்த வண்டியில் இருந்தன. வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷமாக நான் சைக்கிள் ஓட்டியதில்லை. அந்த நேரத்தில் சபீனா உயிரோடு இல்லை. தொழிற்சாலைக்குப் போன வேன் நின்றிருந்த லாரியில் மோதி, அவள் உட்கார்ந்திருந்த பக்கம் நசுங்கிவிட்டது. மற்றவர்களுக்குக் காயம்.

ஓட்டுநரின் பட்டியலில் அந்த இருக்கைக்கு ‘சுகன்யா’ என்று என் பெயர் இருந்தது. அதனால் இறந்தது நான்தான் என்று எங்கள் ஊர் நாகரசம்பட்டிக்குப் போன் போயிருக்கிறது. ஒன்பதரை மணிக்கு மரக்காணத்தில் நான் போனை எடுத்து அழைத்தபோது, எங்கள் தெருவில் நாற்காலிகள் போட்டுவிட்டார்கள். என் குரலைக் கேட்டதும் அம்மா போனைக் கீழே போட்டுவிட்டார். பிறகு சாமிக்குத் தேங்காய் உடைத்தார்கள். எங்கள் வீட்டில் தேங்காய் உடைத்த நேரத்தில்தான் காவேரிப்பட்டினத்துக்குப் போன் போனது.

காலை 6.55. கெலமங்கலம். சாலையின் இரு பக்கமும் ரோஜாவுக்குப் போட்ட பிளாஸ்டிக் கொட்டகைகள் பனியில் வெளுத்துக் கிடந்தன. டீக்கடைக்காரர் என் தலைக்கவசத்தைப் பார்த்துக் கன்னடத்தில் ஏதோ கேட்டார். தமிழில் பதில் சொன்னேன்.

“அட, நம்மூருப் புள்ளயா? இந்த மாதிரி சட்டை போட்டுக்கிட்டு பெங்களூர்க்காரங்கதான் வருவாங்க. அவங்களுக்கு டீ பதினஞ்சு ரூவா. நீ பன்னெண்டு குடு.”

வடையும் சாப்பிடச் சொன்னார். வேண்டாம் என்றேன். எங்கே போகிறேன் என்று கேட்டார். காவேரிப்பட்டினத்தில் ஒரு வீட்டுக்கு என்றேன். விசேஷமா என்றார். கண்ணாடித் தம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

காலை 8.10. ராயக்கோட்டை மேடு. கோட்டை மலை முன்னால் எழுந்து நின்றது. மேட்டின் பாதியில் நான் இறங்கினேன். மூச்சு வாங்கவில்லை, தொடை வலிக்கவில்லை, கியரும் சரியாகத்தான் விழுந்தது. இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தேன். காலித் தக்காளிப் பெட்டிகளோடு வந்த ஒரு மினி லாரி பக்கத்தில் மெதுவானது.

“பஞ்சராம்மா?”

“இல்லண்ணா.”

“செயின் அறுந்துச்சா?”

“இல்லண்ணா. நல்லாத்தான் இருக்குது.”

“அப்புறம் என்னாத்துக்குத் தள்ற? பின்னாடி போடு, மண்டி வரைக்கும் எறக்கி வுடறேன்.”

“சீக்கிரம் போய்ச் சேர வேணாம்ணா” என்றேன். அவர் என்னை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். வெயில் ஏறுவதற்குள் போய்விடு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வீட்டுக்கு நான் கொண்டுபோன விஷயம் இதுதான். சபீனா அன்று விடுமுறையில் இருந்தாள், வேனில் எப்படி ஏறினாள் என்று தெரியாது என்று தொழிற்சாலை சொல்லிவிட்டது. எனக்கும் அன்று லீவு என்று எழுதிவிட்டு லைன் லீடரும் கைவிரித்துவிட்டார். லீவு நாளில், விடியாத நேரத்தில், இன்னொருத்தி பெயரில் அந்தப் பெண் எங்கே போனாள் என்று அவர்கள் ஊரில் பேச்சு. இது என் காதுக்கு மூன்றாம் வாரமே வந்துவிட்டது. நான் வாய் திறக்கவில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். டிப்ளமோ முடித்தவள். விளக்கம் கேட்டு ஒரு தாள்கூட என் பெயருக்கு வந்ததில்லை என்பது எனக்குப் பெருமை. அனுமதி இல்லாமல் ஷிப்ட் மாற்றியது தெரிந்தால் வேலை போகும். அந்தப் பெருமையைக் காப்பாற்றிக்கொண்டு, நேரெதிரே காலியான நாற்காலியைப் பார்த்தபடி நான் பாகங்களை அளந்துகொண்டிருந்தேன்.

ராயக்கோட்டைக்குப் பிறகு பெரும்பாலும் இறக்கம்தான். கிருஷ்ணகிரி வரை முப்பது கிலோமீட்டரும் சக்கரம் தானாக ஓடியது. மாந்தோப்புகள் பூத்திருந்தன. இந்தச் சாலைக்கு வரும் எவரும் இந்த மாதங்களில் வர வேண்டும். பூவின் வாசம் மூக்கைவிட்டுப் போகாது. நான் எல்லா இறக்கத்திலும் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே போனேன்.

காலை 11.20. காவேரிப்பட்டினம். தென்பெண்ணைப் பாலத்தைக் கடந்து கடைத்தெருவுக்குள் நுழைந்தேன். சபீனா அத்தா என்று கூப்பிடும் அவள் அப்பாவுக்குப் பாய், கயிறு, துடைப்பம் விற்கும் கடை. வீடு கடைக்குப் பின்னால். அடக்கத்தன்று எல்லோரோடும் பேருந்தில் வந்து, கூட்டத்தில் நின்றுவிட்டுப் போனதோடு சரி. அவள் அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். சைக்கிளை உள்ளே ஏற்றச் சொன்னார், முகம் துடைக்கத் துண்டு தந்தார், சாப்பிடாமல் போகக் கூடாது என்றார். வரும் வியாழக்கிழமை அவளுக்காக ஓதும் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா, அதற்கு அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

நான் ஆரம்பிப்பதற்குள் அவரே கேட்டார்.

“சனிக்கெழம ராத்திரி போன் பண்ணா. நாளைக்கு லீவு, தூங்கப் போறேன், எழுப்பாதீங்கன்னா. அப்புறம் ஏம்மா அந்த வண்டில ஏறுனா? உங்கிட்ட ஏதாச்சும் சொன்னாளா?”

“அது என் ஷிப்ட்டும்மா” என்றேன். “நான்தான் கேட்டேன். எனக்காகத்தான் வேலைக்குப் போனா.”

முறம் அப்படியே நின்றது. திட்டுவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து கடைப்பக்கம் போய், கதவைப் பிடித்துக்கொண்டு, “ஏங்க, அவ வேலைக்குத்தாங்க போயிருக்கா” என்றார். கணவர் திரும்பிப் பார்ப்பதற்குள் மறுபடியும் சொன்னார். “வேலைக்குத்தான் போயிருக்கா.” பிறகுதான் அழுதார். அடக்கத்தன்று நான் கேட்ட அழுகை இல்லை அது.

சபீனாவின் அத்தா உள்ளே வந்தார். மெலிந்த மனிதர், கையில் பாதி சுற்றிய கயிறு. நான் மறுபடியும் முதலிலிருந்து சொன்னேன். கடல் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கயிற்றைச் சுற்றி முடித்தார்.

“நீ கேட்டதும் தப்பில்ல, அவ போனதும் தப்பில்ல. லாரிக்காரன் நிறுத்துன எடத்துக்கு நீ என்னா பண்ணுவ” என்றார். “ஆனா இத்தன நாளு? பள்ளிவாசல்ல ஒருத்தன் மூஞ்சியும் பாக்காம தொழுதுட்டு வந்துக்கிட்டு இருக்கறேன். எம் பொண்ணு தப்பான எடத்துக்குப் போவலன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சி என்னா? எடுத்துக் காட்ட ஒரு தாளு இல்ல. நீ எழுதப் படிக்கத் தெரிஞ்ச பொண்ணுதான?”

கடைக்கு யாரோ வர, எழுந்து போய்விட்டார். அவள் அம்மா சோறு போட்டார். சாப்பிட்டேன். சாப்பிட முடிந்தது என்பதை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. கிளம்பும்போது கடை வழியாகத்தான் வர வேண்டும். நான் சொல்லிக்கொண்டேன். அவள் அத்தா தலை நிமிரவில்லை.

பிற்பகல் 3.15. கிருஷ்ணகிரி வரை மிதித்து வந்து, ஓசூர் பேருந்தில் சைக்கிளை ஏற்றினேன். நடத்துநர் முணுமுணுத்துக்கொண்டே சைக்கிளுக்குத் தனியாக முப்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். காலையில் ஐந்தே முக்கால் மணி நேரத்தில் வந்த தூரத்துக்கு, நெடுஞ்சாலையில் பாதி நேரம்கூட ஆகவில்லை. சூளகிரிக் குன்றுகள் ஜன்னலில் திரும்பித் திரும்பி வந்தன. அந்தக் குன்றுகளுக்கு ஊடே போகும் சின்னச் சாலைகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். சபீனாவுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. கற்றுத் தரச் சொல்லி அவள் கேட்டதும் இல்லை, கற்றுக்கொள்கிறாயா என்று நான் கேட்டதும் இல்லை. மூன்று வருடம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம்.

திங்கட்கிழமை காலை ஷிப்ட் மணி அடிப்பதற்கு முன்பே பணியாளர் அலுவலகத்துக்குப் போனேன். இரண்டு பக்கக் கடிதம். அந்த நாள் என் ஷிப்ட், என் வேண்டுகோளின் பேரில் சபீனா வேலைக்கு வந்துகொண்டிருந்தாள் என்று எழுதி என் முழுப் பெயரில் கையெழுத்திட்டிருந்தேன். அதிகாரி படித்துவிட்டு, இதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறாயா என்று இரண்டு முறை கேட்டார். இல்லை என்றேன். அடுத்த தகவல் வரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். பெற்றுக்கொண்டதாக முத்திரையிட்ட நகலைக் கேட்டு வாங்கினேன். தபால் நிலையம் திறக்கும்வரை வாசலில் நின்று, முதல் ஆளாக உள்ளே போய், வியாழக்கிழமைக்குள் சேர்ந்துவிடுமா என்று கேட்டு, அந்த நகலைக் காவேரிப்பட்டினத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன்.