பாஷாணத்துக்குப் போட்ட கையெழுத்து

ஆலையில் அவளுக்கு நூல்காரி என்றுதான் பெயர். இருபத்திரண்டு வருடமாக நூலை அறுத்துப் பார்ப்பதே வேலை. எந்த இயந்திரத்தில் நூற்றது என்ற சீட்டை மடித்து ஒட்டியிருப்பார்கள். எடையைத் தொங்கவிட்டு, எது முதலில் அறுந்தது என்று எழுதிய பிறகுதான் சீட்டைப் பிரிக்க வேண்டும். ஒருமுறை மேற்பார்வையாளர், "மேலிடத்து நூலும்மா, பார்த்து எழுது" என்று கண்ணடித்தார். "நூலுக்கு மேலிடம் கீழிடம் தெரியாதுங்க" என்றாள். அதோடு பதவி உயர்வுக்கு முழுக்கு.

ஒரு நாள் அவளுக்கு ஈறில் ரத்தம் கசிந்தது. கையிலும் காலிலும் கருநீலத் திட்டுகள் பூத்தன. ரத்தப் புற்றுநோய், அதிலும் நாள் கடத்தினால் ஆளையே கொண்டுபோகும் வகை என்றார் டாக்டரம்மா. லாரி ஓட்டும் அண்ணன் தேம்பித் தேம்பி அழுதான்.

"அழுறதை அப்புறம் வச்சுக்கலாம்ணா. மருந்து என்னன்னு கேளு."

மாத்திரை எல்லோருக்கும் பொது. அதோடு நரம்பில் ஏற்றும் மருந்துதான் இரண்டு விதம். ஒன்று, முடியைக் கொட்டவைக்கும் பழைய மருந்து. மற்றது, பாஷாணத்தை, அதாவது ஆர்சனிக் விஷத்தை, அளந்து பக்குவப்படுத்தியது. இரண்டுமே நோய்க்குக் கேட்கும்; எது மேல் என்று பார்க்க அந்த ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வு நடந்தது. யாருக்கு எது என்று கணினி குலுக்கிப் போடும். சேர்வதும் விலகுவதும் நோயாளியின் இஷ்டம்.

அவள் சேர்ந்தாள். விழுந்தது பாஷாணம்.

அண்ணன் குதித்தான். "எலிக்கு வைக்கிறதை என் தங்கச்சிக்கு ஏத்துவீங்களா? பழைய மருந்தையே குடுங்க. இவ விலகிக்கிறா!"

"நான் எப்பண்ணா அப்படிச் சொன்னேன்?"

"நீ வாயை மூடு பாப்பா."

"குலுக்கட்டும்னு ஒத்துக்கிட்டது நான். விழுந்தது பிடிக்கலைன்னு ஆளாளுக்கு மாத்திக்கிட்டா, எது நல்லதுன்னு யாருக்குத் தெரியும்? சீட்டைப் பார்த்துட்டு நூலுக்கு மார்க் போடுற ஆளா நான்?"

"நீ நூல் இல்லடி! என் கூடப் பிறந்தவ!"

அவள் டாக்டரம்மா பக்கம் கையை நீட்டினாள்.

"அதனாலதான் நானே பேசுறேன். பேனாவைக் குடுங்க டாக்டரம்மா, இந்த மருந்தையே ஏத்தச் சம்மதம்னு கையெழுத்துப் போடுறேன்."

மருந்து ஏற்றத் தொடங்கிய பத்தாம் நாள் அவளுக்கு மூச்சு முட்டியது. முகம் வீங்கிக் கண் இடுங்கிப்போனது. மருந்தை நிறுத்தி, வீக்கம் வடிய வேறு ஊசி போட்டார்கள். "இத்தோட விட்டுடு பாப்பா" என்று அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினான். அதிலிருந்து நான்காம் நாள் மூச்சு சீரானது. மறுபடி ஏற்றலாமா என்று டாக்டரம்மா கேட்டதும் தலையாட்டினாள்.

"அம்மா வயித்துல கல்லாவா பொறந்தே?"

"கல்லுன்னா பாஷாணம் என்னண்ணா பண்ணும்? போய் டீ குடிச்சிட்டு வா."

இன்னும் சில வாரங்கள் கழித்து எலும்பு மஜ்ஜையைச் சோதித்தார்கள். நோயின் சுவடு கண்ணில் படவில்லை. அண்ணன் வராந்தாவில் போவோர் வருவோரையெல்லாம் நிறுத்தினான். "பாஷாணம்தாங்க பெரிசு! பழைய மருந்தெல்லாம் அதுக்கு முன்னாடி தூசு!"

"போதும் நிறுத்து" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "அடுத்த கட்டில்ல இருக்கிற டீச்சர் பழைய மருந்துலதான் எழுந்து நடக்கிறாங்க. நான் ஒருத்தி பிழைச்சதை வச்சு நீ தீர்ப்பு எழுதாதே. எல்லாரோட கணக்கும் வரட்டும். எனக்கே இன்னும் நாலு சுற்று மருந்து பாக்கி இருக்கு."

நர்ஸ் ஊசியோடு வந்தாள். நூல்காரி தன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள்.