இருபது கிலோவில் சேராத ஷூ

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. தொண்ணூற்றாறாம் வருடம் ஐப்பசியில், இங்கிலாந்தில் இருந்த அக்காவின் பிரசவத்துக்காக அம்மா கிளம்பினார். அங்கே நான்கு மாதம் தங்க வேண்டும். நான்கும் மழைக் குளிர் மாதங்கள்.
2. பெட்டி கட்டும் பொறுப்பை நான் எடுத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை, நானாகவே எடுத்துக்கொண்டேன்.
3. அம்மாவுக்குக் காந்திபுரத்தில் ஒரு ஜோடி ஷூ வாங்கினோம்.
4. விமானத்தில் அனுமதித்த இருபது கிலோவைப் பெட்டி தாண்டியது.
5. ஷூவை வெளியே எடுத்தேன்.
6. அம்மா செருப்போடு போனார்.

நான் அப்போது கோவையில் ஒரு பம்ப் கம்பெனியின் சோதனைப் பிரிவில் இன்ஜினியர். அன்னூரிலிருந்து தினமும் பஸ். எதையும் கட்டம் போட்டு எழுதினால்தான் எனக்கு மனசு நிற்கும். அம்மாவின் பயணத்துக்கும் நான்கு பக்கத்தில் ஒரு பட்டியல் போட்டேன். பொருள், எண்ணிக்கை, எடை, யாருக்கு என்று நான்கு கட்டங்கள்.

குளிர் என்றால் எங்களுக்குத் தெரிந்தது மார்கழி விடியற்காலை மட்டும்தான். அதுவும் எட்டு மணிக்குப் போய்விடும். மழையும் குளிரும் சேர்ந்து மாதக்கணக்கில் நிற்கும் என்பதை அக்காவின் கடிதங்களில் படித்துத்தான் தெரிந்துகொண்டோம். துணி காய ஒரு வாரம் ஆகும், பருத்திச் சேலை வேண்டாம் என்று எழுதியிருந்தாள். சட்டென்று காயும் சேலைகள் ஆறு எடுத்துவைத்தேன். டெய்லரிடம் சொல்லி முழுக்கை ஜாக்கெட் நான்கு தைத்தோம். தடித்த உள்பாவாடை, இரண்டு ஸ்வெட்டர், ஒரு குரங்குக் குல்லா, ஆம்பிளை சாக்ஸ் நான்கு ஜோடி. குல்லாவைப் போட்டுப் பார்த்த அம்மாவை அப்பா ஏற இறங்கப் பார்த்து, "தோட்டத்துக் காவலுக்கு இனி ஆளே வேண்டாம்" என்றார். கோட்டு வேண்டாம், தன் வீட்டுக்காரருடையது ஒன்று சும்மா கிடக்கிறது என்றாள் அக்கா. ஷூ மட்டும் அம்மாவின் காலுக்குப் பார்த்து அங்கிருந்தே வாங்கிவிடுங்கள், இந்த மழையில் செருப்பு ஆகாது என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தாள்.

அம்மா பயணத்துக்கு ஆசைப்பட்டதற்கு இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று பேரக்குழந்தை. இன்னொன்று ஒரு வாய்க்கால்.

அக்காவின் தெருக்கோடியில் ஒரு பெரிய வாய்க்கால் இருப்பதாகவும், அதில் படகு போகும் என்றும், கரையோரமாகவே மைல் கணக்கில் நடக்கலாம் என்றும் ஒரு கடிதத்தில் வந்தது. அம்மா அந்தக் கடிதத்தைத் தனியாக எடுத்துவைத்துக்கொண்டார். எங்கள் தோட்டத்துக் கிணறு சித்திரையில் தரை தட்டிவிடும். போட்ட இரண்டு போர்வெல்லில் ஒன்றில் தண்ணீருக்குப் பதில் புகைதான் வந்தது. "வருசம் பூராத் தண்ணி நிக்குதாமா? ஆரும் மடை திருப்ப மாட்டாங்களா?" என்று அம்மா அப்பாவைக் கேட்டார்.

"நீ போயி வாய்க்காலைப் பாத்துட்டு வா. புள்ளையை அவளே பெத்துக்குவா" என்றார் அப்பா.

காந்திபுரத்துக் கடையில் கடைக்காரர் என் காலைப் பார்த்தபடியே, "எந்த மாதிரி வேணுமுங்க?" என்றார்.

"ஏனுங்க, எனக்குத்தானுங்க. நான் போடக் கூடாதுங்களா?" என்றார் அம்மா.

"அய்யோ, அப்படிச் சொல்லுவனுங்களா! மெட்டி இருக்குதுங்களே, உறுத்துமுங்க. ஒரு சைஸ் பெரிசாப் போட்டுப் பாருங்க."

அம்மா சேலையை ஒரு அங்குலம் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மூன்று தடவை நடந்தார். "போலீஸ்காரியாட்டம் இருக்குதா கண்ணு?"

"சாதா போலீஸ் இல்லீங்கம்மா. இன்ஸ்பெக்டரு."

சிரித்துவிட்டு, "இதைப் போட்டுட்டு அந்த வாய்க்காலோரம் ஒரு மைலாச்சும் நடந்துபோடோணும்" என்றார். கடைக்காரருக்கு எந்த வாய்க்கால் என்று புரியவில்லை. ஆனாலும், "நல்லா நடக்கலாமுங்க, வழுக்காதுங்க" என்றார். பஸ்ஸில் வீடு வரும்வரை அம்மா அந்த அட்டைப் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தார்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, கம்பெனியிலிருந்து ஒரு ஸ்பிரிங் தராசைக் கேட்டு வாங்கி வந்தேன். அக்காவுக்கும் எனக்கும் தொட்டில் கட்டிய கொக்கி கூடத்து விட்டத்தில் இன்னும் இருந்தது. அதில் தராசை மாட்டி, அப்பா கைகொடுக்க, பெட்டியைத் தூக்கித் தொங்கவிட்டோம். முள் இருபதே முக்காலில் நின்றது.

பட்டியலை எடுத்தேன். 'யாருக்கு' என்ற கட்டத்தைப் பார்த்தால் பாதிக்கு மேல் அக்காவுக்கும் குழந்தைக்கும்தான். சுக்கு, பூண்டு, லேகியம், கொள்ளு, அப்பாவின் பழைய வேட்டிகளைக் கிழித்து அம்மா துவைத்து மடித்த குழந்தைத் துணிகள். அப்பா கடைசி நேரத்தில் கொண்டுவந்து வைத்த இரண்டு கிலோ நாட்டுச் சர்க்கரை. 'அம்மாவுக்கு' என்று எழுதியவற்றில் கனமானது ஷூ. அட்டைப் பெட்டி இல்லாமலே தொள்ளாயிரம் கிராம்.

"இதை எடுத்துட்டாச் சரியாப் போயிருமுங்கம்மா" என்றேன்.

அம்மா ஷூவைப் பார்த்தார். "சக்கரையிலே கொஞ்சம் கொறைச்சுக்கலாமா?"

"புள்ளை பெத்தவளுக்குப் போறதைக் கொறைப்பாங்களா?" என்றார் அப்பா.

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நீங்க அங்க ஊட்டுக்குள்ளதானே இருக்கப் போறீங்க? வெளிய எங்க போகப் போறீங்க?"

"நீ சொன்னாச் சரி கண்ணு" என்று அம்மா ஷூவைப் பீரோவில் வைத்தார். முள் இருபதுக்குக் கீழே வந்தது. பட்டியலில் அந்த வரியை ஸ்கேல் வைத்து அடித்தேன். வேலை ஒழுங்காக முடிந்தது என்ற திருப்தி எனக்கு.

இரண்டு வாரம் கழித்து, கம்பெனியில் மதியம் சாப்பிடும்போது இதைப் பெருமையாகத்தான் சொன்னேன். எங்கள் பிரிவில் ஜெர்மனி போய்வந்த சீனியர் ஒருவர் இருந்தார். கையில் சோற்றோடு அப்படியே நிமிர்ந்தார்.

"ஏனுங் மேடம், கால்ல மாட்டிட்டுப் போற ஷூவை ஆருங்க எடை போடப் போறாங்க?"

எனக்கு உடனே புரியவில்லை.

"நாம பம்பைத் தராசுல ஏத்தறோம். ஏத்தற ஆளையுமா சேத்து எடை போடறோம்?" என்றார். மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டிபன் பாக்ஸைப் பாதியிலேயே மூடினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டெலிபோன் பூத்திலிருந்து அம்மாவிடம் பேசினேன். மீட்டரில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"மழைங்களாம்மா?"

"மழைதான் கண்ணு. சன்னல் வழியாப் பாத்துட்டே இருக்கறேன்."

"வாய்க்கால் பாத்தீங்களா?"

"அது எங்க ஓடிப் போகுது. பாத்துக்கலாம்."

நடந்தது என்ன என்று அக்கா பிற்பாடுதான் சொன்னாள். போன முதல் வாரமே, சாக்ஸின் மேல் செருப்பைப் போட்டுக்கொண்டு அம்மா வாய்க்காலைப் பார்க்கக் கிளம்பியிருக்கிறார். செருப்பு வளையத்தில் கட்டைவிரல் நுழைவதற்காக சாக்ஸை அங்கே நூலால் பிரித்துத் தைத்திருந்தார். பாதித் தெரு போவதற்குள் சாக்ஸும் சேலைக் கரையும் ஊறிவிட்டன. திரும்பி வந்தவருக்கு மூன்று நாள் காய்ச்சல். அது விடுவதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டில் இனி நனைந்து சளி பிடிக்கக் கூடாது என்று அம்மா வெளியே போவதையே விட்டுவிட்டார். ஷூ வாங்கித் தருகிறேன் என்று அக்கா இரண்டு தடவை சொல்லியிருக்கிறாள். "ஊட்டுல புதுசே கெடக்குது, இன்னொண்ணு எதுக்கு?" என்றாராம். நாட்டுச் சர்க்கரை பாதி அப்படியே மீந்துபோனதையும் அக்காதான் சொன்னாள்.

மாசியில் அம்மா திரும்பி வந்தார். பெட்டியைப் பிரித்தபோது கட்டைவிரல் பிரித்துத் தைத்த அந்த சாக்ஸ் மேலேயே இருந்தது. நான் வாய்க்காலைப் பற்றிக் கேட்டேன்.

"ஏர்ப்போர்ட்டுக்கு வரையிலே காரு பாலத்து மேலதான் வந்துது. கண்ணாடி பூரா ஆவி. தொடைக்கறதுக்குள்ள தாண்டிப் போச்சு" என்றார். குறையாகச் சொல்லவில்லை. பஸ்ஸைத் தவறவிட்டதைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அப்போதுதான் ஒப்புக்கொண்டேன். ஷூவைக் காலில் போட்டே அனுப்பியிருக்கலாம், எனக்குத் தோன்றாமல் போய்விட்டது என்றேன்.

அம்மா சேலையை உதறி மடித்துக்கொண்டே, "எனக்கு அப்பவே தோணுச்சு கண்ணு. நீ படிச்ச புள்ளை, கணக்குப் போட்டுச் சொல்றியே, அதுலே ஏதோ இருக்கும்னு உட்டுப்போட்டேன்" என்றார்.

இப்போது மூன்று வருடம் ஆகிறது. ஒரு குழந்தை போதும் என்று அக்கா முடிவு செய்துவிட்டாள். சும்மாவே ஒரு தடவை போய் வாருங்கள், நான் அனுப்புகிறேன் என்று இரண்டு முறை சொன்னேன். பிரசவம் இல்லாமல் மகள் வீட்டுக்கு அவ்வளவு தூரம் எதற்குப் போவது என்று அம்மா கேட்கிறார். அவருடைய பாஸ்போர்ட்டுக்கு இன்னும் ஏழு வருடம் இருக்கிறது. ஷூ அட்டைப் பெட்டியோடு பீரோவின் அடித்தட்டில் இருக்கிறது. என் காலுக்கு அது பெரிது.