தோணியில் போன யுகுலேலே

மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் என் கணவருக்கு வேலை. ஊரில் இருக்கும் நாட்களில் மாதா கோயில் பாடகர் குழுவில் கிட்டார் வாசிப்பார். தோணியில் கிட்டாருக்கு இடம் ஏது? குட்டிக் கிட்டார் மாதிரி, பைக்குள் அடங்குகிற யுகுலேலே ஒன்று ஆன்லைனில் பாதி விலைக்கு வந்தது. வாங்கினேன். மரத்தைத் தட்டிப் பார்த்தேன், பாலிஷைத் தடவிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த சோதனை அவ்வளவுதான்.

மாலே போய்ச் சேர்ந்ததும் போனில் ஒரு மாதா பாட்டை வாசித்துக் காட்டினார். அழுதுவிட்டேன். உடனே அந்தத் தளத்தில் ஐந்து ஸ்டார் போட்டு, ‘கடல் காற்றுக்கும் தாங்கும்’ என்று எழுதினேன்.

அவர் ஊர் திரும்பியதும், “அத எடுங்க, நேர்ல கேப்போம்” என்றேன். தயங்கித்தான் பையைத் திறந்தார். கம்பிகளைப் பிடிக்கும் கட்டை பெயர்ந்து தொங்கியது.

“ஏளா, போன ரெண்டாம் நாளே உப்புக்காத்துல பசை விட்டுப் போச்சு.”

“அப்ப போன்ல வாசிச்சது?”

“கரையில ஒருத்தன்ட்ட கிட்டார் இரவல் வாங்குனேன். ஆசையா வாங்கிக் குடுத்த, நீ சங்கடப்படுவியேன்னுதான்.”

என் காதுக்கு வித்தியாசமே தெரியவில்லை. தளத்தில் எழுதியதை அன்றே அழித்துவிட்டேன். ஆனால் இத்தனை வருஷமாக அவர் போனில் சொன்ன ‘நல்லா இருக்கேன்’களை என்ன செய்வது?

இப்போது மறுபடி போயிருக்கிறார். நேற்றுப் பேசும்போது, “கடல் அமைதியாத்தான் கெடக்கு, சாப்பாடும் நல்லாருக்கு” என்றார்.

“சரிங்க” என்றேன். அந்த வார்த்தைகளை யாரிடம் இரவல் வாங்கினாரோ.