வாயை மூடாத குளிர்ப்பெட்டி

காரைக்குடிக்கு வெளியே இருக்கும் எங்கள் தொழிற்சாலையில் வெள்ளைப் பணியாரத்தை உறைய வைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறோம். இயந்திரங்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே ஒரு பஸ் நீளத்துக்கு எஃகுப் பெட்டி ஒன்று இருக்கிறது. ஆறிய பணியாரம் பெல்ட்டில் ஏறி ஒரு வாய் வழியாக உள்ளே போகும். மறு வாய் வழியாக உறைந்து கூழாங்கல் மாதிரி வந்து விழும்.

போன சித்திரையில் பெட்டி மக்கர் பண்ணியது. உள்ளே குளிர்க் குழாய்களில் பனி அப்பிக்கொண்டது. ஒரே ஷிப்டில் மூன்று தடவை நிறுத்தி உருக்க வேண்டியதாயிற்று. மோட்டாரைக் கழற்றினேன், காற்றாடியைக் கழற்றினேன். எல்லாம் ஒழுங்காகவே இருந்தன. புதுப்பெட்டி வாங்கச் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

பணியாரம் வெளியே வரும் வாயில் நின்று பொறுக்கிப் போடுகிற அக்கா தேவகோட்டையிலிருந்து வருகிறவர். நான் படும் பாட்டை இரண்டு நாள் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சார், நீங்க உள்ளுக்குள்ளயே தேடுறீக. இங்குட்டு வந்து நின்னு பாருங்க. காலு ரெண்டும் விறைக்குது. மூஞ்சியில குளிரே இல்ல."

போய் நின்றேன். உண்மைதான்.

"எப்ப இருந்துக்கா இப்படி?"

"ரெண்டு மாசமா. யாரும் கேக்கல, நானும் சொல்லல."

பெல்ட்டைக் காலி செய்துவிட்டு ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி அந்த வாயருகே பிடித்தேன். கீழே பிடித்தால் புகை என் செருப்பின் மேல் வந்து விழுந்தது. மேலே பிடித்தால் சரேலென்று உள்ளே போனது. குளிர் கீழே வழிந்தோட, வெளி வெக்கை மேலே நுழைந்திருக்கிறது. அதன் ஈரம்தான் பனியாகிக் குழாயில் ஒட்டியிருக்கிறது; சித்திரை வெக்கை ஏறியதும் பெட்டியால் தாங்க முடியவில்லை.

வாயின் மேல் ஏற்றி இறக்கும் தகடு ஒன்று உண்டு. அது உச்சியில் நின்றது.

"இதை யாருக்கா இவ்வளவு தூக்கி வச்சது?" என்று அதட்டலாகவே கேட்டேன்.

அக்கா கொஞ்சம் தயங்கினார். "நீங்கதான் சார். பெரிய கொழுக்கட்டை சாம்பிள் ஓட்டுனமே, அன்னைக்கு ஏத்துனீக."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. அவர் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார். கடைசியில் இருவருமே சிரித்துவிட்டோம்.

பணியாரத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி விட்டுத் தகட்டை இறக்கினேன். கிழிந்து தொங்கிய பிளாஸ்டிக் திரைப் பட்டைகளை இரண்டு வாயிலும் மாற்றினோம். மறுநாள் காலையில் ஓடத் தொடங்கிய பெட்டி ஷிப்டு முடியும்வரை ஒரு தடவைகூட நிற்கவில்லை.

கோளாறு என்னவென்று மேலாளர் கேட்டார். தகட்டை ஏற்றியதும் நான்தான், இறக்க மறந்ததும் நான்தான் என்றேன். கண்டுபிடித்தது யார் என்றார். அக்காவைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினேன்.

"வேற எங்கயாச்சும் காத்துப் போகுதாம்மா?" என்று மேலாளர் கேட்டார்.

"பெட்டியோட பின்பக்கக் கதவு ரப்பர் பிஞ்சிருக்கு சார்" என்றார் அக்கா, சற்றும் தாமதிக்காமல்.