அண்ணன் அழாத வருஷங்கள்

என் அண்ணன் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. நன்னிலம் பக்கத்தில் கொஞ்சம் நஞ்சை வைத்துப் பயிர் செய்துகொண்டிருந்தார். நட்ட சம்பா மழையில் மூழ்கினாலும், பக்கத்து வயல்காரர் தண்ணீரைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாலும், "பாத்துக்கலாம்" என்பார். அதோடு சரி.

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரே மகள் காய்ச்சலில் இறந்தபோதும் அவர் அழவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். காரியம் முடிந்த மறுநாளே நாற்றங்காலுக்குப் போய்விட்டார். கல்நெஞ்சுக்காரர் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

போன தை மாதம், அறுப்பு மெஷின் வயலில் இறங்கியிருந்தபோது வரப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சட்டை முழுக்க வியர்வை. இடது கையைத் தூக்க முடியவில்லையாம். தஞ்சாவூருக்குக் கொண்டுபோனார்கள். திருவாரூரிலிருந்து நான் போய்ச் சேர்வதற்குள் இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து முடித்திருந்தார்கள்.

மறுநாள் டாக்டரம்மா வந்து சிகரெட், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் விசாரித்தார். பெரிதாக எதுவும் இல்லை. பிறகு, கோபம், வருத்தம் எதையும் வெளியே காட்டுகிறவரா என்று கேட்டார். அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அண்ணிதான் பேசினார்.

"பொண்ணு போயி ஆறு வருஷமாச்சுங்க டாக்டர். இவரு அழுது நான் பாத்ததில்ல. நான் அழுதா எந்திரிச்சு வெளிய போயிடுவாரு."

அதனால் மட்டுமே மாரடைப்பு வந்தது என்று சொல்ல முடியாது, ஆனால் எல்லாவற்றையும் உள்ளேயே அடக்கி வைப்பது இதயத்துக்கும் பாரம்தான் என்றார் டாக்டர். மாத்திரையை மட்டும் நம்பாமல் யாரிடமாவது மனம்விட்டுப் பேசச் சொன்னார்.

லீவு போட்டுவிட்டுச் சில நாள் அவர்களோடு இருந்தேன். சாயங்காலம் அண்ணனை வாய்க்கால் கரையில் மெதுவாக நடக்கக் கூட்டிப்போவேன். ஒருநாள், மகளின் சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிடலாமா என்று அண்ணி கேட்டதைச் சொன்னேன். அண்ணன் நின்றுவிட்டார்.

"நான் அழுதா உங்க அண்ணி தாங்கமாட்டான்னு நெனச்சேம்மா," என்றார். "அப்பறம் எப்படி அழுவுறதுன்னே தெரியாமப் போச்சு."

கரையிலேயே உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவரிடமிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது. நெஞ்சுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயத்தில் அவர் முதுகில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் நேரே அடுப்படிக்குப் போய் மகளின் பெயரைச் சொல்லி ஏதோ பேச ஆரம்பித்தார். அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நான் வாசலுக்கு வந்துவிட்டேன்.

இதயம் பழைய பலத்துக்கு வராது என்று சொல்லிவிட்டார்கள். நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று. இப்போதெல்லாம் இரண்டு பேரும் மகளைப் பற்றிப் பேசுகிறார்களாம். சில நாள் அண்ணன் கோபப்படவும் செய்கிறார் என்று அண்ணி போனில் சொன்னார்.