நான் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த குழந்தை

ஐந்தாம் மாத ஸ்கேன். ஏதோ பேசிக்கொண்டே திரையைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் திடீரென்று பேச்சை நிறுத்தினார். என் பயம் அங்கேதான் தொடங்கியது.

"க்யா ஹுவா டாக்டர்?" என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவர் அடிவயிற்றில் கருவியை வைத்து மறுபடி மறுபடி பார்த்தார். பிறகு வெளியே உட்கார்ந்திருந்த என் கணவரை உள்ளே வரச் சொன்னார். போன தடவையும் இப்படித்தான் அவரை உள்ளே கூப்பிட்டார்கள்.

குழந்தை நன்றாக இருக்கிறது, ஆனால் நஞ்சுக்கொடி கீழே இறங்கி, பிள்ளை வெளியே வரும் வழியை மூடிக்கொண்டிருக்கிறது என்றார் டாக்டர். எப்போது வேண்டுமானாலும் ரத்தம் போகலாம். வலி இருக்காது. முன்னறிவிப்பும் இருக்காது. ரத்தத்தைப் பார்த்த உடனே கிளம்பி வந்துவிட வேண்டும். அதோடு இன்னொன்றும் சொன்னார். என் ரத்தம் ஓ நெகட்டிவ். அவசரத்துக்குச் சுலபமாகக் கிடைக்காது. அதே வகை உள்ளவர்கள் யாரையாவது இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அப்போது எங்களுக்கு அப்படி ஒருவரையும் தெரியாது.

என் பெயர் உமா. ஊர் தென்காசிப் பக்கம். கல்யாணமான புதிதில் டெல்லிக்கு வந்தவள். கணவர் சங்கரன் மத்திய அரசு அலுவலகத்தில் இருக்கிறார். மோதி பாக்கில் குவார்ட்டர்ஸ். மகள் தாரிணி இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். நான் பல வருடமாகத் தமிழில் ஒரு பிளாக் எழுதி வருகிறேன். பெரிய விஷயம் எதுவும் இருக்காது. தாரிணியின் டிபன் டப்பா, பால்கனித் தொட்டியில் வளர்க்கும் கறிவேப்பிலை, டெல்லிக் குளிரில் தோசை மாவைப் புளிக்க வைப்பது, கரோல் பாக்கில் எடுத்த புடவை, இப்படித்தான். ஆனால் அதைப் படித்துவிட்டு, பார்த்தே இராத பெண்கள் எங்கெங்கிருந்தோ "அக்கா" என்று கூப்பிட்டு எழுதுவார்கள். ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்த எனக்கு அது பெரிய துணை.

தாரிணிக்குப் பிறகு நான் ஒருமுறை உண்டாகியிருந்தேன். மூன்று மாதம் முடிந்ததும் சந்தோஷம் தாங்காமல் பிளாக்கில் எழுதிவிட்டேன். எத்தனையோ பேர் வாழ்த்தினார்கள். ஐந்தாம் மாதத்தில் அந்தக் குழந்தை போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பல நாள் நான் கம்ப்யூட்டரைத் திறக்கவே இல்லை. ஒருநாள் திறந்தபோது, விஷயம் தெரியாத யாரோ ஒருவர் அந்தப் பழைய பதிவின் கீழே புதிதாக எழுதியிருந்தார். "வாழ்த்துகள் அக்கா, குட்டிக்கு எத்தனை மாதம் ஆகிறது?" நான் தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அதனால் இந்தத் தடவை பிளாக்கில் ஒரு வார்த்தை எழுதவில்லை. அம்மாவிடம்கூட வெகுநாள் கழித்துத்தான் சொன்னேன். சொன்னால் போய்விடும் என்று ஒரு பயம். அறிவுக்கு ஒத்துவராத பயம்தான். ஆனால் அது நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டால் எந்த அறிவும் நிற்காது.

படுக்கையில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நான் சஷ்டி விரதம் விட்டதே இல்லை. இந்த வருடம் விரதமும் கூடாது, கோவில் படியும் ஏறக்கூடாது. தலையணையில் சாய்ந்தபடி பழைய போட்டோக்களை எடுத்து வைத்துக்கொண்டு வத்தக்குழம்பைப் பற்றியும் கீரையைப் பற்றியும் பிளாக் எழுதினேன். எழுதி முடித்துவிட்டுப் பாத்ரூம் போவேன். போகும்போதெல்லாம் ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லை என்று தெரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு "முருகா" என்பேன். அடுத்த தடவை போகிறவரைக்கும் உயிர் கிடைத்த மாதிரி இருக்கும். மூன்று மாதமும் அப்படித்தான் வாழ்ந்தேன்.

ஒருநாள் தாரிணி பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு கேட்டாள்.

"அம்மா, இந்த பேபி பக்கா வருமா? இல்ல, போன தடவை மாதிரி வாபஸ் போயிடுமா?"

நான் அவள் தலையைத் தடவிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்றைக்குத்தான் நான் உண்மையாக வேண்டினேன். அதற்கு முன்பெல்லாம், இதைத் தா, அதைச் செய்கிறேன் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அன்று எனக்குக் கேட்கக்கூடத் தெரியவில்லை. "முருகா, என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாது. நடக்கிற நேரத்துல என்னைத் தனியா மட்டும் விட்டுறாத." அவ்வளவுதான் சொன்னேன். அதற்குப் பிறகு தினமும் அதையேதான் சொன்னேன்.

எட்டாம் மாதம் பிறந்தது. பொங்கல் முடிந்து பள்ளிக்கூடம் திறந்திருந்தார்கள். எதிரே இருக்கும் கட்டடம்கூடத் தெரியாத மூடுபனி. என் கணவருக்குச் சென்னையில் தவிர்க்க முடியாத அலுவலக வேலை வந்தது. போகமாட்டேன் என்றுதான் சொன்னார். நான்தான், போய்விட்டு மறுநாளே வந்துவிடுங்கள், பக்கத்து வீட்டு பாபி இருக்கிறார்களே என்று அனுப்பினேன். பாபி என்றால் இந்தியில் அண்ணி. சுனிதா பாபி பஞ்சாபி. தினமும் சூடாக ஏதாவது கொண்டுவந்து என் வாயில் திணிக்காமல் போகமாட்டார்.

மறுநாள் காலை. தாரிணியை பாபியின் வீட்டுக்காரர் பஸ் ஏற்றிவிட்டார். நான் கட்டிலிலிருந்து எழுந்தேன். காலில் ஏதோ சூடாக வழிந்தது. குனிந்து பார்த்தேன்.

ரத்தம். கொஞ்சம் இல்லை.

வலியே இல்லை. டாக்டர் சொன்னபடியே துளி வலி இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. பாபிக்கு போன் செய்து "பாபி, ஜல்தி" என்று மட்டும் சொன்னேன். வீட்டுச் செருப்போடு ஓடி வந்தார். தரையைப் பார்த்தார். ஒரு நொடிதான் நின்றார். உடனே ஒரு கம்பளியை என்மேல் சுற்றி, வீட்டுக்காரரைக் காரை எடுக்கச் சொன்னார்.

சாலையில் எதுவும் தெரியவில்லை. முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. கார் ஊர்ந்தது. பாபி என் கையைப் பிடித்துக்கொண்டு "டர் மத், டர் மத்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பயப்படாதே என்று அர்த்தம். நான் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். அசைவு இல்லை. மறுபடி தொட்டேன். அசைவு இல்லை. "முருகா, முருகா" என்பதைத் தவிர எனக்கு வேறு மந்திரம் எதுவும் நினைவுக்கு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டார்கள். இருந்தது. ஆனால் மெதுவாகிக்கொண்டிருக்கிறது என்றார்கள். உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும். ரத்த வங்கியில் என் வகை ஒரே ஒரு பை இருந்தது. அதை வைத்துத் தொடங்குகிறோம், ஆனால் போதாது, மற்ற ஆஸ்பத்திரிகளிலும் கேட்கிறோம், நீங்களும் ஆள் தேடுங்கள் என்று சொல்லிவிட்டு டாக்டர் ஓடினார்.

கணவருக்கு போன் செய்தேன். சென்னை விமான நிலையத்தில் இருந்தார். டெல்லி மூடுபனியால் விமானம் கிளம்பவில்லை.

"ஆபீஸ்ல எல்லார்ட்டயும் கேட்டுட்டேன் உமா. யாருக்கும் அந்த குரூப் இல்ல. நீ உன் பிளாக்ல போடு."

"வேண்டாங்க. எனக்குப் பயமா இருக்கு. போட்டா போயிரும்."

"போகாது. நான் சொல்லுதேன்லா. போடு. முருகன் யார் கண்ணுலயாவது காட்டுவான்."

நர்ஸ் ஒருவர் என் ஒரு கையில் ஊசி குத்திக்கொண்டிருந்தார். இன்னொரு கையால் போனில் தட்டினேன். எழுத்துக்கள் கலங்கித் தெரிந்தன. "நான் எட்டு மாதம். இதுவரை உங்களிடம் சொல்லவில்லை. இப்போது ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது. டெல்லியில் யாருக்காவது ஓ நெகட்டிவ் இருந்தால் வாருங்கள். மற்றவர்கள் எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள். பயமாக இருக்கிறது." கீழே ஆஸ்பத்திரி பெயரையும் பாபியின் நம்பரையும் போட்டேன். போனை பாபி கையில் கொடுத்தேன். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். மேலே விளக்குகள் ஒவ்வொன்றாகப் போயின. தாரிணிக்கு யார் இனிமேல் தலை பின்னிவிடுவார்கள் என்று நினைத்தேன். அதுதான் எனக்கு நினைவிருக்கும் கடைசி எண்ணம்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பாபி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பாபிக்குத் தமிழில் ஓர் எழுத்து தெரியாது. என் போனில் தமிழில் சரம் சரமாகப் பதில்கள் வந்துகொண்டிருந்தன. அவர் போனோ ஓயாமல் அடித்தது. எடுத்தால் தமிழ். யார் என்ன சொன்னாலும் பாபி, "ஓ நெகட்டிவ்? ஆஸ்பத்திரிக்கு வாங்க!" என்று இந்தியில் கத்தியிருக்கிறார். பலர் புரியாமல் வைத்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் நல்ல இந்தியில், "வந்துகொண்டிருக்கிறேன் சகோதரி" என்று சொன்னாராம்.

அவர் பெயர் ஏழுமலை. ராணுவத்தில் ஹவில்தார், கன்டோன்மென்டில் வேலை. அவருக்கு என் பிளாக்கே தெரியாது. வேலூர்ப் பக்கத்து கிராமத்தில் இருக்கும் அவர் மனைவிதான் படிக்கிறவர். ஒரு தடவைகூட எனக்கு எழுதியதில்லை. அன்று காலை அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்கும்போது போனைப் பார்த்திருக்கிறார். புருஷனுக்கும் ஓ நெகட்டிவ் என்பதால் உடனே அவருக்கு போன் செய்திருக்கிறார். ஏழுமலை இரவு டியூட்டி முடிந்து, அன்று மாலை ரயிலில் ஊருக்குப் போவதற்காகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாராம். எனக்கு இது ஒருநாள் தள்ளி நடந்திருந்தால் அவர் டெல்லியிலேயே இருந்திருக்க மாட்டார். அந்த மூடுபனியில் மோட்டார் சைக்கிளில் வந்தார். ரத்தம் கொடுத்தார்.

குழந்தையை எடுத்துவிட்டார்கள். ஆனால் எனக்கு ரத்தம் நிற்கவில்லை. இருந்த ஒரு பையும் முடிந்துவிட்டது. வேறு எங்கிருந்தும் கிடைத்ததாகச் செய்தி இல்லை. டாக்டர் வெளியே வந்து பாபியிடம், "கடவுளைக் கும்பிடுங்கள்" என்று சொல்லியிருக்கிறார். பாபி சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். அந்த நேரத்தில்தான் சோதனையெல்லாம் முடிந்து, ஏழுமலையின் ரத்தம் மேலே வந்தது.

நான் கண் விழித்தபோது என் கணவர் கட்டில் பக்கத்தில் நின்றிருந்தார். முகம் வீங்கியிருந்தது. "குழந்தை?" என்றேன். "பொண்ணு. கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்க. ரொம்பச் சின்னது. ஆனா அழுதா உமா. சத்தமா அழுதாளாம்" என்றார். சொல்லிவிட்டு அவரும் அழுதார்.

பயம் அன்றோடு போய்விட்டது என்று சொன்னால் அது பொய். என் உள்ளங்கை அகலம்தான் அவள் முதுகு. மூச்சு விட மறந்துவிடுவாள். உடனே மிஷின் கத்தும். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் உயிர் போய் வந்தது. மாசி மாதம் பிறந்த பிறகுதான் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே ஏழுமலை ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தார். ரயிலை விட்டுவிட்டு, இரண்டு நாள் கழித்துப் போக டிக்கெட் எடுத்திருந்தார். நான் கை கூப்பினேன். அவர் கூச்சப்பட்டுக்கொண்டு கதவுப் பக்கமே நின்றார்.

"என்னை எதுக்கும்மா கும்பிடுறீங்க? என் வீட்டுக்காரி சொல்லுச்சு, 'அந்தக்கா என்னிக்குமே பயமா இருக்குன்னு எழுதுனதில்ல, இன்னிக்கு எழுதியிருக்காங்க, ஓடுய்யா'ன்னு. நானும் ஓடியாந்தேன். அவ்ளோதாம்மா."

அவர் போன பிறகு வெகுநேரம் யோசித்தேன். தனியாக விட்டுவிடாதே என்று முருகனிடம் கேட்டிருந்தேன். கணவர் ஊரில் இல்லை, அம்மா பக்கத்தில் இல்லை, சாலைகூடக் கண்ணுக்குத் தெரியாத ஒரு நாளில், தமிழ் தெரியாத ஒருத்தியையும், என்னைத் தெரியாத ஒருவரையும், நான் முகம் பார்த்திராத ஒரு பெண்ணையும் அவன் என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினான். நான் ரத்தம் போகாமல் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது நடக்கவில்லை. ஆனால் நான் ஒரு நிமிஷம்கூடத் தனியாக இருக்கவில்லை.

இப்போது என் கணவரும் பாபியின் வீட்டுக்காரரும் கூப்பிட்டபோதெல்லாம் ரத்தம் கொடுக்கப் போகிறார்கள். நானும் பிளாக்கில் வத்தக்குழம்போடு என் பயத்தையும் சேர்த்தே எழுதுகிறேன். கர்ப்பமாக இருக்கிற பெண்கள் ரகசியமாக எனக்கு எழுதுகிறார்கள். "அக்கா, இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம்தான்" என்கிறார்கள். ஒவ்வொருத்தியின் பெயரையும் சொல்லித்தான் காலையில் விளக்கு ஏற்றுகிறேன்.

இதைப் படிக்கிற நீங்களும் ஏதோ ஒன்றை நெஞ்சில் மறைத்துவைத்துக்கொண்டு நடுங்கிக்கொண்டிருக்கலாம். நான் சொல்வது ஒன்றுதான். தைரியம் வந்த பிறகு அவனைக் கூப்பிடலாம் என்று காத்திருக்காதீர்கள். எனக்குக் கடைசி வரை தைரியம் வரவே இல்லை. பயத்தோடேயே கூப்பிடுங்கள். அவன் வருவான், யார் முகத்தோடாவது.