ரப்பர் உடை வேண்டாம் என்ற அண்ணன்

கல்லடியிலிருந்து படகில் ஒரு மணி நேரம் போனால், முப்பது மீற்றர் ஆழத்தில் பழைய சரக்குக் கப்பல் ஒன்று சரிந்து கிடக்கிறது. அதில் வாழும் உயிர்களைப் படமெடுப்பதுதான், விலங்கியல் படிப்பிக்கும் எனக்கு விடுமுறை வேலை. கடல் தெளிந்திருக்கும் மாதங்கள் கொஞ்சம். அப்படிக் கிடைத்த ஒரு நல்ல காலையை என் அண்ணன் கெடுத்தார்.

அவர் நோர்வேயிலிருந்து லீவில் வந்திருந்தார். அங்கும் மூழ்கிய கப்பல்களைப் பார்க்க இறங்குபவர். வந்த நாள் தொட்டு அந்தப் பேச்சுத்தான். படகில் நான் நீட்டிய ரப்பர் உடையைத் தள்ளிவிட்டு, பனியனுக்கு மேலேயே சிலிண்டரைக் கட்டினார்.

"கீழ குளிர் கிடக்கு அண்ணன். போன கிழமை நானே நடுங்கினன்."

"நாங்க ஆறு பாகையில இறங்குற ஆக்கள். இது சுடுதண்ணி தங்கச்சி."

வாதாடிக்கொண்டிருந்தால் நீரோட்டம் மாறிவிடும் என்று விட்டுவிட்டேன். அது என் பிழை.

இருபது மீற்றர்வரை வெதுவெதுப்பு. அதற்குக் கீழே, கோடு கிழித்ததுபோல் குளிர்நீர் தொடங்கியது. கப்பலின் மேல்தளத்தில் பாரை மீன்கள் கூட்டமாகத் திரும்பின. உடைந்த குழாய் ஒன்றுக்குள் வெளிச்சம் அடித்தேன். உள்ளே எட்டுக் கைகளையும் சுருட்டியபடி ஒரு பேய்க்கணவாய், கொத்துக் கொத்தாகத் தொங்கிய தன் முட்டைகளுக்கு நீரை ஊதிக்கொண்டிருந்தது. நான்கு வருடமாக நான் தேடிய காட்சி. கமராவை உயர்த்தினேன். யாரோ என் கையைப் பிடித்து இழுத்தார்கள்.

அண்ணன். உதடு நீலம், உடம்பெல்லாம் நடுக்கம், குளிரில் மூச்சு வாங்கியதில் சிலிண்டர் காற்றில் பாதிக்கு மேல் முடிந்திருந்தது. ஏறுவோம் என்று பெருவிரலை மேலே காட்டினார். ஒருவர் ஏறினால் மற்றவரும் ஏற வேண்டும். ஒரு படம்கூட எடுக்கவில்லை.

படகில் ஏறியதும், "இந்தச் சிலிண்டருக்குக் காத்துக் குறைவா அடிச்சிருக்கிறாங்க" என்றார்.

படகோட்டி தேநீரை நீட்டினார். "தம்பி, உங்கட பல்லு அடிக்கிற சத்தம் எஞ்சினுக்கு மேலால கேக்குது."

நான் கமராவைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன்.

ஒரு கிழமை கடலில் காற்று ஓயவில்லை. மறுபடி போனபோது, கேட்காமலே ரப்பர் உடையைப் போட்டுக்கொண்டார். குழாய் வெறுமையாக இருந்தது. குஞ்சுகள் பொரித்துப் போய்விட்டன, தாயையும் காணவில்லை. அண்ணன், நீருக்கடியில் பேசுவதற்கு நாங்கள் கொண்டுபோகும் எழுதுபலகையில், "இஞ்சயா?" என்று எழுதினார். தலையாட்டினேன். குழாய்க்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, அதன் கீழே எழுதி என்னிடம் நீட்டினார்: "சிலிண்டர்ல பிழையில்ல. குளிர்தான்."

பலகையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த குழாய்க்கு நீந்தினேன்.